விரிசலைத் தேடுவது யார் செலவு?

அன்புள்ள ஐயா,

விமானப் பாதுகாப்பு பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில், அமெரிக்க அரசு பல்கலைக்கழக ஆய்வு மையங்களுக்குத் தரும் நிதியைப் பாராட்டியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விமானமும் எஞ்சினும் செய்து விற்கும் நிறுவனங்கள் கொள்ளை லாபம் பார்க்கின்றன. விற்கிற பொருள் பழுதில்லாததா என்று சோதிப்பது விற்பவன் தலைச்சுமை. பயணிகளின் வரிப்பணம் எதற்கு? இத்தனை மையங்கள் இருந்தும் போயிங்கின் 737 மேக்ஸ் விமானங்கள் இரண்டு விழுந்து 346 பேர் இறந்தார்களே, பேராசிரியர்கள் எழுதிக் குவித்த அறிக்கைகள் என்ன செய்தன? நான் டாலஸில் கணக்குத் தணிக்கையாளன். செலவுக்குப் பலன் எங்கே என்று கேட்டே பழகியவன். கடைசியாக ஒரு சொந்தக் கேள்வி. என் அக்காள் மகள் சென்னையில் வானூர்திப் பொறியியல் முடிக்கப்போகிறாள். மேற்படிப்புக்கு இப்படி ஒரு மையத்துக்கு வர ஆசைப்படுகிறாள். வரச் சொல்லலாமா?

ம., டாலஸ்

அன்புள்ள ம.,

தணிக்கையாளர் கேட்கும்போது கணக்கிலிருந்து தொடங்குவதுதான் முறை. அமெரிக்காவுக்குள் நீங்கள் வாங்கும் விமான டிக்கெட்டில் கட்டணத்தின் மீது 7.5 விழுக்காடு வரி இருக்கிறது. 1970இல் ஏற்படுத்தப்பட்ட தனி நிதியத்துக்கு அது போகிறது. கூட்டரசு விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.யின் ஆய்வுச் செலவில் பெரும்பகுதி அந்த நிதியத்திலிருந்து வருவதுதான். அண்மை ஆண்டுகளில் அந்த ஆய்வுக் கணக்கு ஆண்டுக்கு 25 முதல் 28 கோடி டாலர். நிர்வாகத்தின் மொத்தச் செலவு 2,000 கோடி டாலர் அளவில் இருக்கிறது. பல்கலைக்கழகங்களுக்குக் கிடைப்பது ஆய்வுக் கணக்கிலும் ஒரு பங்குதான்.

நிறுவனங்களும் பணம் போடட்டும் என்கிறீர்கள். பாதி அளவுக்கு அது ஏற்கெனவே சட்டம். 1990களின் தொடக்கத்திலிருந்து இயங்கும் இந்தச் சிறப்பு மையங்களில் அரசின் பங்கு பொதுவாகச் செலவில் பாதியைத் தாண்டக்கூடாது. தவிர்க்க முடியாத நிலையில் முக்கால் பங்குவரை போக நிர்வாகிக்கு அதிகாரம் உண்டு. மிச்சத்தைப் பல்கலைக்கழகமோ மாநில அரசோ தொழில் நிறுவனங்களோ கொண்டுவர வேண்டும். கருவியாகவும் பொறியாளரின் வேலைநேரமாகவும்கூடக் கொண்டுவரலாம். நிறுவனம் இரவல் தந்த ஒரு சோதனை இயந்திரத்துக்கு என்ன மதிப்புப் போட்டார்கள் என்று நீங்கள் போய்ப் பார்த்தால் பேனாவை மூடிவைக்க மாட்டீர்கள் என்பது என் ஊகம்.

ஆனால் உங்கள் கேள்வியின் அடிவேர் வேறு. விற்பவனே சோதிக்கட்டும் என்கிறீர்கள். சோதித்தான் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்துகொண்டது எங்கே போகும்? நீங்கள் காட்டிய மேக்ஸையே எடுத்துக்கொள்ளலாம். கோளாறு தலைகாட்டினால் விமானி நான்கு நொடிக்குள் உணர்ந்து சரியானதைச் செய்துவிடுவார் என்ற அனுமானத்தின் மேல் அந்த விமானத்தின் பாதுகாப்புக் கணக்கு நின்றது. 2012இலேயே ஒரு சிமுலேட்டர் சோதனையில் போயிங்கின் சொந்தச் சோதனை விமானி ஒருவருக்குப் பத்து நொடிக்கு மேல் பிடித்தது. நிஜத்தில் அப்படி ஆனால் பேரழிவு என்பது நிறுவனத்துக்குள் தெரிந்திருந்தது. அந்தத் தகவல் எஃப்.ஏ.ஏ.க்குப் போய்ச் சேரவில்லை என்று 2020இல் வெளிவந்த நாடாளுமன்றக் குழு அறிக்கை சொல்கிறது. சோதனை நடந்தது, விடையும் கிடைத்தது, அது கம்பெனி அலமாரியில் தூங்கியது. ஆகவே மேக்ஸ் உங்கள் வாதத்துக்கு உதவும் சாட்சி இல்லை.

வெளியே வரும் அறிவுக்கு என்ன மதிப்பு என்பதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. 1989 ஜூலை 19 அன்று யுனைடெட் 232, ஒரு டிசி-10 விமானம், 296 பேருடன் டென்வரிலிருந்து சிகாகோ போய்க்கொண்டிருந்தது. வாலில் இருந்த எஞ்சினின் முன் விசிறித் தட்டு நடுவானில் பிளந்தது. சிதறிய துண்டுகள், விமானத்தைத் திருப்பும் பாகங்களை இயக்கும் மூன்று ஹைட்ராலிக் இணைப்புகளையும் அறுத்தன. விமானிகள் இருபக்க எஞ்சின்களின் வேகத்தை மட்டுமே கூட்டியும் குறைத்தும் அயோவா மாநிலத்தின் சூ சிட்டி வரை கொண்டுவந்து இறக்கினார்கள். 112 பேர் இறந்தார்கள், 184 பேர் பிழைத்தார்கள். உடைந்த தட்டு உடனே கிடைக்கவில்லை. மூன்று மாதம் கழித்து, அறுவடையின்போது, அயோவாவின் ஒரு மக்காச்சோளக் கொல்லையில் கிடைத்தது.

அந்தத் தட்டுக்கான டைட்டானியத்தை 1971இல் உருக்கி வார்த்தபோது அதற்குள் நைட்ரஜன் மிகுந்த ஒரு கடினப் பொட்டு தங்கிவிட்டது. அங்கிருந்து விரிசல் கிளம்பி, ஒவ்வொரு பறப்புக்கும் மயிரிழை மயிரிழையாக வளர்ந்தது. தட்டுக்கு அனுமதித்திருந்த ஆயுள் 18,000 பறப்புகள். உடைந்தது 15,503ஆவது பறப்பில். ஒளிரும் சாயம் பூசிப் பார்க்கும் சோதனை அதற்கு ஆறு முறை நடந்திருந்தது. கடைசிச் சோதனையின்போது விரிசல் ஏறத்தாழ அரை அங்குலம் வெளியே தெரிந்திருக்க வேண்டும் என்று விசாரணையாளர்கள் கணக்கிட்டார்கள். பார்த்தவர் கண்ணுக்கு அது தப்பிவிட்டது.

இதற்குப் பிறகுதான் எஃப்.ஏ.ஏ. பணம் கொடுத்து, அதே அயோவாவின் ஏம்ஸ் நகரிலுள்ள மாநிலப் பல்கலைக்கழகத்தின் தலைமையில் 1993இல் ஒரு கூட்டமைப்பு உருவானது. ஜெனரல் எலெக்ட்ரிக், பிராட் அண்ட் விட்னி, அலைட் சிக்னல் மூன்றும் அதில் சேர்ந்தன. சந்தையில் ஒன்றையொன்று கடித்துக் குதறும் எஞ்சின் நிறுவனங்கள் இவை. தன் உலோகத்தில் இருக்கும் குறையைப் போட்டியாளனுக்குக் காட்ட யாருக்கு மனம் வரும்? நடுவில் ஒரு பல்கலைக்கழகமும் அரசுப் பணமும் இருந்ததால் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள்.

அங்கே செய்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது, குறையைத் தாங்களே செய்து பார்த்ததுதான். இயற்கையாக ஏற்படும் அந்தக் கடினப் பொட்டு அபூர்வம். பல லட்சம் கிலோ உலோகத்தில் ஒன்று இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கண்டுபிடிக்கும் கருவி சரியானதா என்று எதை வைத்துச் சோதிப்பது? அதனால் டைட்டானியத்தில் வேண்டுமென்றே நைட்ரஜனை ஏற்றி, அளவு தெரிந்த பொட்டுகளைச் செய்து, நல்ல உலோகத்துக்குள் புதைத்து, மீயொலியை அனுப்பித் தேடினார்கள். எந்த அளவுப் பொட்டு எத்தனை முறை அகப்படுகிறது, எத்தனை முறை நழுவுகிறது என்று பட்டியல் போட்டார்கள். கருவியை விற்கும் நிறுவனம் தன் கருவி எதையெல்லாம் தவறவிடும் என்று கணக்கெடுத்து ஊருக்குச் சொல்லுமா?

சூ சிட்டி விபத்துக்கு ஓர் ஆண்டு முன்பு, 1988 ஏப்ரலில், ஹவாயில் அலோஹா நிறுவனத்தின் 737 ஒன்றுக்கு 24,000 அடி உயரத்தில் கூரையில் பதினெட்டு அடி நீளம் பிய்த்துக்கொண்டு போனது. பத்தொன்பது வயது விமானம். தீவுக்குத் தீவு குட்டிப் பயணமாக 89,680 முறை பறந்திருந்தது. கடல் உப்புக் காற்று, ஒட்டுப் பிரிந்த தகட்டு இணைப்புகள், ரிவெட்டுகளின் வரிசையில் பக்கம்பக்கமாகச் சின்னச் சின்ன விரிசல்கள். ஏறும்போதே கதவருகே ஒரு விரிசலைப் பயணி ஒருவர் பார்த்திருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை. அவரைக் குறை சொல்லமாட்டேன், நாமும் வாயை மூடிக்கொண்டு இருக்கையைத்தான் தேடியிருப்போம். அந்த விபத்தின் விசாரணை அறிக்கையில் என்னை நிறுத்திய பகுதி உலோகத்தைப் பற்றியதே இல்லை, பரிசோதகரைப் பற்றியது. கொட்டகைக் கூரையிலிருந்து வரும் பாதுகாப்புக் கயிற்றைக் கட்டிக்கொண்டு, விமானத்தின் முதுகில் ஏறி, ஒரு கையில் விளக்குடன் நூற்றுக்கணக்கான ரிவெட்டுகளை ஒன்றுவிடாமல் பார்க்க வேண்டும். ஒன்றும் இருக்காது என்று மனம் முன்கூட்டியே முடிவு கட்டிவிடும். அலுப்பும் தூக்கமும் விபத்துக்குக் காரணமாகும் என்பதை ஆராய்வதற்கு எந்த நிறுவனத்தின் லாபநட்டக் கணக்கில் தலைப்பு இருக்கிறது?

அந்த ஆண்டே நாடாளுமன்றம் விமானப் பாதுகாப்பு ஆய்வுச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆய்வுப் பணத்தில் 15 விழுக்காட்டுக்குக் குறையாமல் நீண்டகால ஆய்வுக்கு ஒதுக்க வேண்டும் என்ற விதி அப்போது வந்ததுதான்.

இன்றைய மையங்களைப் பற்றி விரிவாக எழுத இது இடமில்லை. கான்சாஸின் விசிட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கார்பன் இழைப் பொருள்களின் வலிமை அளவுகளைப் பொதுச் சொத்தாகச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் ஒரே பொருளை ஒவ்வொரு விமான நிறுவனமும் தனித்தனியாக முதலிலிருந்து சோதிக்கும். இப்போது சிறிய நிறுவனமும் அந்தத் தொகுப்பை எடுத்துக்கொண்டு, தன் தயாரிப்பு அதற்கு ஈடானது என்று மட்டும் காட்டினால் போதும். தணிக்கையாளரான உங்களுக்கு இந்த மிச்சத்தை நான் விளக்க வேண்டியதில்லை. ட்ரோன் மோதினால் என்ன ஆகும் என்ற ஆய்வு மிசிசிப்பி மாநிலப் பல்கலைக்கழகம் தலைமை தாங்கும் குழுவிலிருந்து 2017இல் வந்தது. அதே எடையுள்ள பறவையைவிட ட்ரோன் அதிகச் சேதம் செய்யும் என்று காட்டினார்கள். பறவை நசுங்கிப்போகும், மோட்டாரும் பேட்டரியும் நசுங்காமல் துளைத்துக்கொண்டு போகும். ட்ரோன் விற்பவர் இந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்திருக்க மாட்டார்.

உங்களோடு ஒத்துப்போகும் இடமும் இருக்கிறது. இந்த மையங்கள் பெரும்பாலும் எஃப்.ஏ.ஏ. கேட்கும் கேள்விக்கு விடை தேடுபவை. கேட்காத கேள்விக்குப் பணம் வராது. பாதிப் பணத்துக்குத் தொழில் நிறுவனங்களை எதிர்பார்த்திருக்கும் பேராசிரியர் அவர்களுக்குக் கசக்கும் கேள்வியைத் தானாக எழுப்புவார் என்று நம்பவும் எனக்குத் துணிவில்லை. அது ஒழுக்கக் கேடு என்று சொல்லவில்லை, அடுத்த ஆண்டு மாணவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டிய கவலை. என்னைக் கேட்டால் இந்தப் பாதிப்பங்கு விதியை எல்லா ஆய்வுக்கும் வைத்திருக்கக்கூடாது. கார்பன் இழைத் தொகுப்பால் நிறுவனங்களுக்கு ஆதாயம் இருக்கிறது, பாதி கொடுக்கட்டும். விமானி நெருக்கடியில் எத்தனை நொடியில் எதைச் செய்கிறார், பரிசோதகர் நள்ளிரவில் எதைத் தவறவிடுகிறார் என்பது போன்றவற்றுக்கு அரசு முழுச் செலவையும் ஏற்க வேண்டும். கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையும் ஆய்வாளரிடமே விட்டுவிட வேண்டும். செலவைக் குறைக்கச் சொல்லி எழுதினீர்கள், நான் கூட்டச் சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அறிக்கைகள் என்ன செய்தன என்று கேட்டிருந்தீர்கள். பொதுமக்கள் அவற்றைப் படிப்பதில்லை. பராமரிப்புக் கையேட்டை எழுதுகிறவர்களும், சான்றளிப்பு விதியைத் திருத்துகிறவர்களும், சோதனைக் கருவி செய்கிறவர்களும் படிக்கிறார்கள். இலவசமாகவே கிடைக்கின்றன, எஃப்.ஏ.ஏ.யின் அட்லாண்டிக் சிட்டி தொழில்நுட்ப மையத்தின் தளத்தில் தேடினால் அகப்படும்.

உங்கள் அக்காள் மகளை வரச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் விசாரித்துக்கொண்டு வரட்டும். பல்கலைக்கழகத்தின் திறந்த ஆய்வில் வெளிநாட்டு மாணவர்கள் வேலை செய்யத் தடையில்லை. நிறுவனங்களோ ராணுவமோ பணம் போடும் சில திட்டங்களில் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் குறுக்கே வரும்; அங்கே குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ கேட்பார்கள். ஒரே கட்டடத்தில் ஒரு கதவு திறந்தும் பக்கத்துக் கதவு பூட்டியும் இருக்கும். சேர்வதற்கு முன்பே வழிகாட்டிப் பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதி, தனக்குத் தரப்போகும் திட்டத்துக்கு யார் பணம் தருகிறார்கள், முடிவுகளைத் தடையின்றி வெளியிட முடியுமா என்று கேட்கட்டும். நேராகப் பதில் எழுதுகிறவரிடம் சேரலாம்.