இணையதளத்தில் ஒலி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் நிறுவன இணையதளத்தைத் திறந்ததும் பின்னணி இசை ஒலிக்கும்படி வைத்திருக்கிறோம். அலுவலகக் கம்ப்யூட்டரில் ஒழுங்காக ஒலிக்கிறது. வாடிக்கையாளர்களோ ஒன்றுமே கேட்கவில்லை என்கிறார்கள். எங்கே கோளாறு?

பதில்: கோளாறு இல்லை, பிரவுசர் வேண்டுமென்றேதான் தடுக்கிறது. பக்கத்தைத் தொடாமலோ கிளிக் செய்யாமலோ ஒலி தானாகத் தொடங்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டை குரோம் 2018-லும் ஃபயர்பாக்ஸ் 2019-லும் கொண்டுவந்துவிட்டன. சஃபாரி அதற்கும் முன்பே. உங்களுக்கு மட்டும் ஒலிப்பதற்குக் காரணம் உண்டு. ஒரு தளத்தில் ஒருவர் அடிக்கடி ஒலியோ வீடியோவோ ஓடவிட்டால், கம்ப்யூட்டரில் உள்ள குரோம் அதைக் கணக்கு வைத்து அந்தத் தளத்துக்கு விலக்குத் தந்துவிடும். புதிதாக வருபவருக்கு அந்தச் சலுகை கிடையாது. பழைய கணக்கு எதையும் பார்க்காத இன்காக்னிட்டோ விண்டோவில் திறந்து பாருங்கள், தெரிந்துவிடும்.

இதைத் தாண்டக் குறுக்கு வழி சொல்லித்தருபவர்கள் இருக்கிறார்கள். வேண்டாம். பார்வையற்றவர்கள் பக்கத்தை ஸ்க்ரீன் ரீடரின் குரலில்தான் கேட்கிறார்கள். உங்கள் இசை அந்தக் குரலை அமுக்கிவிடும். 3 விநாடிக்கு மேல் தானாக ஒலிக்கும் எதையும் நிறுத்தவோ, அதன் ஒலியளவைத் தனியே குறைக்கவோ வசதி இருக்க வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகளும் இணையதளங்களைப் பயன்படுத்துவதற்கான டபிள்யூசிஏஜி (WCAG) விதிகள் சொல்வது இதனால்தான். இசையை எடுத்துவிட்டு ஒரு பிளே பட்டன் வையுங்கள். பட்டனுக்கு அருகிலேயே "2 நிமிடம்" என்று நீளத்தையும் போட்டால் தயங்காமல் தட்டுவார்கள்.

கேள்வி: எங்கள் சேவையை விளக்கும் 7 நிமிடப் பேச்சைத் தளத்தில் ஏற்றியிருக்கிறோம். பக்கம் திறக்கவே நேரமாகிறது.

பதில்: சுருக்கப்படாத வேவ் (WAV) கோப்பை அப்படியே ஏற்றியிருப்பீர்கள். இடம், வலம் என இரு தடங்கள் கொண்ட ஸ்டீரியோ வேவ் நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைட். 7 நிமிடத்துக்கு 70-ஐத் தாண்டும். அதையே ஒரே தடம் கொண்ட மோனோவாக்கி, விநாடிக்கு 64 கிலோபிட் எம்பி3 ஆக மாற்றினால் நிமிடத்துக்கு அரை மெகாபைட்கூட வராது. மொத்தம் மூன்றரைக்குள் அடங்கும். ஒற்றைக் குரலுக்கு அது தாராளம். இசையும் கலந்திருந்தால் 128 கிலோபிட், ஸ்டீரியோ.

பிளேயரில் ப்ரீலோட் (preload) என்ற இடத்தில் 'நன்' (none) என்று கொடுங்கள். தட்டும்வரை கோப்பு இறங்காது. வேவ் மூலத்தை மட்டும் அழித்துவிடாதீர்கள். எம்பி3-ஐத் திருத்தித் திரும்ப எம்பி3 ஆக்கினால் ஒவ்வொரு தடவையும் தரம் தேயும்.

கேள்வி: நல்ல மைக்தான் வாங்கினோம். ஆனாலும் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. சாஃப்ட்வேரில் சரிசெய்ய முடியுமா?

பதில்: ஃபேன் இரைச்சலை ஓரளவு நீக்கலாம். எதிரொலியை நீக்கப் போனால் குரலும் சேர்ந்து கெடும். குறை மைக்கில் இல்லை, அறையிலும் தூரத்திலும் இருக்கிறது. வெறும் சுவரும் கண்ணாடியும் உள்ள மீட்டிங் ரூமை விட்டுவிட்டு, திரைச்சீலையும் மெத்தையும் உள்ள சிறிய அறைக்குப் போங்கள். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாணுக்குள், அதாவது 15 முதல் 20 செ.மீ. இருக்கட்டும். நேர் எதிரே பேசாமல் மைக்கைச் சற்றே பக்கவாட்டில் வையுங்கள். இல்லாவிட்டால் 'ப' வரும் இடத்திலெல்லாம் காற்று அடித்து டப் டப்பென்று கேட்கும்.

பதியும் சாஃப்ட்வேரின் மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்கட்டும். 0-ஐத் தொட்டால் அலையின் முனை வெட்டுப்பட்டுக் குரல் கரகரக்கும்; அதை மீட்க வழியில்லை. குறைவாகப் பதிந்ததைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். பேசத் தொடங்குமுன் 10 விநாடி சும்மா இருந்து அறையின் ஓசையையும் பதியுங்கள். ஒலியைத் திருத்தும் ஆடாசிட்டி சாஃப்ட்வேரில் இரைச்சலைக் குறைக்க அந்தத் துண்டுதான் மாதிரி. அதன்பின் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடி உறுமலை வெட்டி, சத்த அளவைச் சமன்படுத்துங்கள்: ஸ்டீரியோவுக்கு மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (LUFS, காதுக்குப் படும் சத்தத்தின் அலகு), மோனோவுக்கு மைனஸ் 19. தளத்தில் பல பதிவுகள் இருந்தால் இந்தச் சமன் மிக முக்கியம்; ஒன்று முணுமுணுத்து அடுத்தது அலறினால் கேட்பவர் போய்விடுவார். கடைசியில் ஹெட்போனில் அல்ல, போன் ஸ்பீக்கரில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் கேட்கப்போவது அதில்தான்.

கேள்வி: இணையத்தில் 'இலவசம்' என்று கிடைக்கும் இசையைப் பின்னணியில் சேர்க்கலாமா?

பதில்: உரிமக் குறிப்பைப் படிக்காமல் கூடாது. படைத்தவர்கள் பிறர் பயன்படுத்த அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் 'என்சி' (NC) என்றிருந்தால் வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை. நிறுவனத் தளத்துக்கு அதை ஒதுக்கிவிடுங்கள். 'பிஒய்' (BY) என்றால் படைத்தவர் பெயரைக் குறிப்பிட வேண்டும். பழைய பாடலை நீங்களே வாசித்துப் பதிந்தாலும், மெட்டின் உரிமை வேறு, பதிவின் உரிமை வேறு; பதிவு உங்களுடையது என்பதால் மெட்டும் உங்களுடையதாகிவிடாது.

கேள்வி: ஸ்லைடரை நடுவில் இழுத்தால் ஒலி மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. ஐபோனில் ஓடவே இல்லை.

பதில்: சர்வர், கோப்பின் ஒரு பகுதியை மட்டும் பிரித்து அனுப்பத் தெரியாமல் இருக்கலாம். பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, ஒலிக்கோப்புக்கு நேரே 'ஸ்டேட்டஸ்' என்ற இடத்தில் வரும் எண்ணைப் பாருங்கள். 206 என்றால் சரி. 200 மட்டுமே வந்தால் 'ரேஞ்ச் ரிக்வெஸ்ட்' வசதியை இயக்கச் சொல்லி ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு எழுதுங்கள். ஐபோனில் சஃபாரி இந்த வசதியை எதிர்பார்க்கும். அது இல்லாவிட்டால் ஒலிக்க மறுத்துவிடும்.