தேயிலைச் சாயமும் பழைய பத்திரமும்: பல பொருள்களை ஒட்டியும் பூசியும் செய்யும் கலப்பு ஊடகப் படங்கள் பற்றி, இலங்கை மலையகத்திலிருந்து கேள்வி பதில்

தேயிலைச் சாயம் பூசினேன், காய்ந்ததும் வெளிறிவிட்டது. கறுப்பாக்க முடியுமா டீச்சர்? (கொட்டகலை)

முடியும். டஸ்ட் தேயிலையைத் தண்ணீர் பாதியாகச் சுண்டும்வரை கொதிக்கவைத்து வடிகட்டுங்கள். காயவிட்டுக் காயவிட்டு நாலைந்து தடவை பூசுங்கள். கறுப்புக்கு இரும்பு வேண்டும். துருப்பிடித்த ஆணிகளை ஒரு வாரம் வினிகரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கறையின் மேல் தூரிகையால் தொட்டால் மண்ணிறம் கண்ணெதிரே சாம்பலாகி, மை மாதிரி இருளும். தேயிலையின் டனினும் இரும்பும் சேர்ந்து வரும் நிறம் அது.

ஆனால் அதே சேர்மானம் தாளைத் தின்னும். ஐரோப்பாவின் பழைய கையெழுத்துச் சுவடிகள் பல, இதே வகை மையால் எழுத்து எழுத்தாக அரித்து ஓட்டையாகியிருக்கின்றன. என் படம் ஒன்றில், லயத்துக் (தோட்டத்து வரிசை வீட்டுக்) கூரையின் விளிம்புக்கு இந்தக் கறுப்பைத் தடிப்பாக இழுத்திருந்தேன். ஆறு வருடத்தில் தாள் அந்தக் கோட்டோடு பிளந்துவிட்டது. மெல்லிசாகத் தொடுங்கள். தடிப்பான கோட்டுக்கு அக்ரிலிக் கறுப்பே போதும்.

பாட்டியின் பிரஜாவுரிமைச் சான்றிதழைப் படத்தில் ஒட்டலாமா? (தலவாக்கலை)

ஒட்டாதீர்கள் தம்பி, தயவுசெய்து. 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான நம் மலையகத் தமிழ் ஆட்களுக்கு அந்தத் தாள் எத்தனை வரிசையில் நின்று கிடைத்தது என்று வீட்டில் கேளுங்கள். 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியாவுக்கென்றும் 300,000 பேரை இலங்கைக்கென்றும் பிரித்தார்கள். ஒரே வீட்டுக்குள் அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்று ஆனது. வெள்ளைப் பசையில் ஒட்டியதைப் பிறகு கிழியாமல் எடுக்க முடியாது. லேசர் நகல் எடுத்து ஒட்டுங்கள். மடிப்புக் கோடு, கைநாட்டு, முத்திரைக் கறை எல்லாம் நகலிலும் வரும். மூலத்தைத் தகரப் பெட்டியிலேயே வையுங்கள்.

தாத்தாவின் ஒரே ஃபோட்டோ இருக்கிறது, வெட்டி ஒட்டலாமா? (பதுளை)

மேலே சொன்னதுதான். நகல்.

ஹோர்டன் சமவெளியில் பூக்கும் சிவப்புப் பூவைப் பறித்து உலர்த்தலாமா?

கூடாது. அது தேசியப் பூங்கா, இலை பறிப்பதே குற்றம். வீட்டு வேலியில் பன்னம் (பெரணிச் செடி) இருக்கும், அதை உலர்த்துங்கள். பத்திரிகைத் தாளைத் தினமும் மாற்றுங்கள், பனிக்காலத்தில் இரண்டு வாரமாவது ஆகும். ஈரம் மிச்சமிருந்தால் பூஞ்சணம் வரும்.

மலையகக் கலை என்றாலே கூடையும் கொழுந்துமா? வெளியூர்க்காரர் கேட்பதை வரைந்து கொடுக்கிறோம். (மஸ்கெலியா)
அம்மா முப்பது வருடம் சுமந்ததை மறைக்கச் சொல்கிறீர்களா? (நோர்வூட்)

இரண்டு பேர் கோபமும் எனக்குப் புரிகிறது. மஸ்கெலியாத் தம்பி வெறுப்பது முகமில்லாத கொழுந்துக்காரியை, அஞ்சலட்டைப் படத்தை. நோர்வூட் தங்கச்சி நினைப்பது தன் அம்மாவை. கொழுந்து பறிக்கும்போது அம்மா இடுப்பில் கட்டிய முரட்டுத் துணியை, அந்தப் பழைய படங்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். இடுப்புப் பக்கம் செடி உரசி நூல் இழை இழையாகப் பிரிந்திருக்கும், இலைச்சாறு ஊறி விறைத்திருக்கும். அதில் ஒரு சாண் துண்டைப் பலகையில் தைத்தால் கூடையை வரையவே தேவையில்லை. (அம்மாவிடம் கேட்டுவிட்டு வெட்டுங்கள்.)

அப்படியும் அது தோட்டம்தானே டீச்சர்! (மஸ்கெலியா)

சரி, தோட்டத்துக்குள்ளேயே வேறொன்று சொல்கிறேன். மாசியில் காமன் கூத்து. கம்பம் ஊன்றி, தப்புப் பறை அடித்து, ரதி மன்மதன் கல்யாணம் முடிந்து, சிவனின் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிகிறான். பகலில் மலையில் நின்றவர் இரவில் கரும்பு வில்லும் கிளி வாகனமுமாக நிற்கிறார். கூலி என்று பேரேட்டில் எழுதப்பட்டவர்கள் தங்களை வேறு யாராகவெல்லாம் பார்த்தார்கள் என்பதற்கு எனக்கு அதைவிடப் பெரிய சாட்சி இல்லை. மினுமினுப்புத் தாள், கரும்புச் சக்கை, கரித்தூள் எடுத்துக்கொண்டு உட்காருங்கள் தம்பி. செய்ததைக் கொண்டுவந்து காட்டுங்கள், நான் பார்க்க வேண்டும்.

அக்ரிலிக்கின் மேல் எண்ணெய் வர்ணம்?

பூசலாம். எண்ணெயின் மேல் அக்ரிலிக் கூடாது, உரியும்.

அம்மாவின் பிறப்புச் சான்றிதழை ஒட்டினால்... (ஹப்புத்தளை)

நகல் தங்கச்சி, நகல். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். பலகையோடு அப்படியே என்னிடம் கொண்டுவாருங்கள்.