ஒரே தாம்பாளத்தில் எட்டு பேர்: சோமாலி உணவகத்தில் என்ன சொல்வது, எப்படிச் சாப்பிடுவது?

கேள்வி: அமெரிக்காவில், மினியாபொலிஸில் வசிக்கிறோம். என் கணவரோடு வேலை பார்க்கும் சோமாலி நண்பரின் குடும்பத்தை, அவர்களுக்குப் பிடித்த சோமாலி உணவகத்துக்கே விருந்துக்கு அழைத்திருக்கிறோம். அவர்கள் நாலு பேர், நாங்கள் நாலு பேர். இதில் மூன்று பேர் பிள்ளைகள். ஒரே பெரிய தட்டைச் சுற்றி எல்லோரும் சாப்பிடுவார்களாமே? என் மாமியார் சைவம், எச்சில் பார்ப்பவர். எவ்வளவு ஆர்டர் செய்வது, மாமியாருக்கு என்ன சொல்வது?

பதில்: மாமியாரிடமிருந்தே ஆரம்பிக்கலாம். மற்றதெல்லாம் சுலபம்.

அங்கே அவருக்குப் பெரிய சிக்கல் சோறுதான். 'பரீஸ்' என்று வரும் அந்த மஞ்சள் நிற பாஸ்மதி சோறு, மேலே வதக்கிய வெங்காயமும் திராட்சையுமாகப் பார்க்க அப்பாவியாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் ஆட்டுக்கறி வெந்த தண்ணீரிலேயே அதை வேகவைக்கிறார்கள். 'கறி வைக்காமல் கொடுங்கள்' என்று சொன்னால் போதாது. 'கறி வெந்த தண்ணீரில் வடித்த சோறா?' என்று நேரடியாகக் கேளுங்கள். சாப்பாட்டுக்கு முன் கேட்காமலே வந்து உட்காரும் சூப்பும் கறி சூப்தான். 'பாஸ்தோ' என்கிற ஸ்பகெட்டியின் தக்காளிச் சாற்றில் பெரும்பாலும் கொத்துக்கறி இருக்கும். மிஞ்சுவது, அடுக்கடுக்காகப் பிரியும் 'சபாயத்' ரொட்டி, புளித்த மாவில் ஊற்றி ஒரு பக்கம் மட்டும் வேகவைக்கும் 'அஞ்சேரோ', கிடைத்தால் காராமணியை அரைத்துப் பொரித்த 'பஜியே'. கறி சம்பூஸ் (சமோசா) பொரித்த எண்ணெயா என்று அதற்கும் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள். கிளம்பும்போது வீட்டிலேயே கொஞ்சம் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு வந்தால் இன்னும் நிம்மதி.

எச்சில் விஷயத்தில் சங்கடமே வேண்டாம். தனித் தட்டு கேட்டால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் கல்யாண வீட்டில் பல பேர் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும் சஹன் சாப்பாடு சாப்பிட்டவர்களுக்கு, இந்தத் தாம்பாளச் சாப்பாடு புதிதே இல்லை. தாம்பாளத்தில் அவரவர் முன்னால் இருக்கும் பகுதிதான் அவரவருக்கு. எதிர்ப்பக்கம் நல்ல துண்டு தெரிகிறதே என்று கை நீளக் கூடாது. வலது கை மட்டும். கரண்டி கேட்டாலும் தருவார்கள். நடுவில் இருக்கும் கறியை விருந்துக்கு அழைத்தவர் பிய்த்து மற்றவர்கள் பக்கம் தள்ளி வைப்பார். இங்கே அழைத்தது நீங்கள், அதனால் அந்த வேலை உங்கள் கணவருடையது. எலும்பை ஒட்டிய நல்ல துண்டு நண்பர் பக்கம் போகட்டும்.

தலைக்கு ஒரு தட்டு என்று மட்டும் ஆர்டர் செய்துவிடாதீர்கள். ஒரு தட்டை இரண்டு பேர் தாராளமாகச் சாப்பிடலாம். உங்கள் கூட்டத்துக்கு ஆட்டுக்கறியோடு பரீஸ் இரண்டு, கறியைப் பொடியாக நறுக்கி வதக்கிய 'சுகார்' ஒன்று, பிள்ளைகளுக்குப் பாஸ்தோ ஒன்று, அப்புறம் சபாயத் நாலைந்து. எல்லாவற்றையும் ஒரே தாம்பாளத்தில் வைக்கச் சொன்னால் வைப்பார்கள். ஸ்பகெட்டி இங்கே எப்படி என்று பிள்ளைகள் கேட்டால், தெற்கு சோமாலியா இத்தாலியர் ஆட்சியில் இருந்த கதையைச் சொல்லலாம். ஒட்டகக்கறி இருந்தால் ருசி பார்க்க ஒரு சின்னத் தட்டு போதும். கொழுப்பு குறைவு, கொஞ்சம் மெல்ல வேண்டியிருக்கும்.

சோற்றோடு ஆளுக்கொரு வாழைப்பழம் வரும். கடைசியில் சாப்பிடலாம் என்று ஒதுக்கி வைக்காதீர்கள், அது சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளத்தான். ஒரு விள்ளல் பழத்தைக் கறியும் சோறுமாகச் சேர்த்துப் பிசைந்து, மேலே எலுமிச்சை பிழிந்து, பச்சை மிளகாய் அரைத்த 'பஸ்பாஸ்' ஒரு சொட்டு விட்டு வாயில் போடுங்கள். இனிப்பு, புளிப்பு, காரம் மூன்றும் சேர்ந்து வரும். பட்டை, ஏலக்காய் வாசனை அதற்குப் பின்னால் மெதுவாக எட்டிப் பார்க்கும். முதல் வாய்க்கு முகம் சுளிப்பவர்கள்கூட மூன்றாவது வாய்க்குள் பழத்தைத் தேடுவார்கள். பஸ்பாஸை மட்டும் நம்ம ஊர்க் காரம்தானே என்று அலட்சியமாக ஊற்ற வேண்டாம்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடியும் நேரத்தில் கூட்டம் நெரியும். ரமலானில் நோன்பு திறந்த பிறகுதான் போக முடியும். மது கிடையாது, கையோடு கொண்டுபோகவும் வேண்டாம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் என்று உட்காருவதா என்பதை நண்பர் குடும்பத்தின் போக்குக்கு விட்டுவிடுங்கள். நண்பரின் மனைவி உங்கள் கணவரோடு கைகுலுக்காமல் நெஞ்சில் கை வைத்து வணக்கம் சொன்னால், இவரும் அப்படியே செய்தால் சரி.

பில் விஷயத்தில் உஷாராக இருங்கள். நீங்கள்தான் அழைத்தீர்கள் என்றாலும் நண்பர் பணம் கொடுக்கப் பாய்வார். மேஜைக்குப் பில் வந்தபின் அவரோடு மல்லுக்கட்டி ஜெயிப்பது கஷ்டம். பால் விட்ட மசாலா டீ, 'ஷாஹ்', வந்ததும் கை கழுவப் போகிற சாக்கில் உங்கள் கணவர் கல்லாவுக்குப் போய்க் கணக்கை முடித்துவிடட்டும்.