கட்டைக் குரலுக்கு இங்கிலீஷ்ல ஒரு பேரு, துருக்கில ஒரு பேரு

கேள்வி: அண்ணே, வணக்கம். எனக்கு சின்ன வயசுலேர்ந்தே கட்டைக் குரல், போன் எடுத்தா பாதிப் பேரு தம்பினுதான் கூப்புடுவாங்க. இப்ப விளம்பரத்துக்கு குரல் குடுக்குற வேலைக்கு ஃபார்ம் நெரப்புறேன், குரல் எப்படினு கேட்ட எடத்துல 'ஹோர்ஸ்'னு போட்டுருக்கேன், சரியா? நான் வேலை பாக்குற ஹோட்டலுக்கு வந்த துருக்கிக்கார அம்மா ஒருத்தங்க என் குரல 'புவுலு'னு சொல்லி சிரிச்சாங்க. கிண்டலா பாராட்டான்னே தெரியல.
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: மொதல்ல அந்த ஃபார்ம மாத்துங்க தங்கச்சி. ஹோர்ஸ்னா தொண்டை கட்டிக்கிட்டதுன்னு அர்த்தம். தைப்பூசத்துக்கு பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில்ல 513 படி ஏறி வேல் வேல்னு கத்திட்டு மறுநாள் காலைல கடைல போயி தே ஓ (பால் ஊத்தாத டீ) ஒண்ணு கேட்டா வெறும் காத்து மட்டும் வருமே, அதான் ஹோர்ஸ். அத எழுதுனா 'ஒடம்பு தேறுனதும் வாங்க'ம்பாங்க.

உங்களுது ஹஸ்கி. ஹஸ்க்னா உமி, சோளத்து மேல இருக்குற தோலு, அதுமாதிரி காஞ்ச குரல்னு சொல்லப்போயி அப்படியே நெலச்ச பேரு, பனில வண்டி இழுக்குற நாய்க்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. ராஸ்பினு போட்டாலும் தப்பில்ல, ஆனா அது அரத்தால ராவுற மாதிரி இன்னும் கொஞ்சம் சொரசொரப்பு. கிராவலி வேணாம், சரளைக்கல்லு உருள்ற குரலு, பெரும்பாலும் ஆம்பளைங்களுக்குத்தான் சொல்வாங்க. கிரஃப்னு போட்டீங்கன்னா வள்ளுனு விழற ஆளுனு நெனச்சுக்குவாங்க.

துருக்கிக்கு வருவோம். 'புவு'னா ஆவி, கண்ணாடில படியுற நீராவி. புவுலு குரல்னா ஆவி படிஞ்ச மாதிரி மங்கலா, கேக்க சொகமா இருக்குற குரல், பாராட்டேதான். வேடிக்கை என்னன்னா இங்கிலீஷ்காரனுக்கு காஞ்சு தெரியுற அதே குரலு துருக்கிக்காரனுக்கு ஈரமா தெரியுது, நம்ம பக்கத்துவீட்டு மலாய்க்கார மக்சிக்கும் (ஆண்ட்டிக்கும்) அப்படித்தான், அவங்க 'செராக் செராக் பாசா'ம்பாங்க, பாசானா ஈரம்தானே. வெறும் செராக்னா தொண்டை கட்டு.

துருக்கில தொண்டை கட்டுக்கு வேற வார்த்தை. ரேடியோ சத்தத்த கொறைக்கிறதுக்கும் அடுப்புத் தீய கொறைக்கிறதுக்கும் ஒரே வினைச்சொல்லு வச்சிருக்காங்க, அதுலேர்ந்து வந்ததுதான், எழுத்துல பாத்து 'கிசிக்'னு படிச்சிடாதீங்க, காசு பாட்டுனு நாம சொல்றப்ப கடைசில அரைகுறையா ஒரு உகரம் வருதே அதுதான் ரெண்டு இகரத்து எடத்துலயும் வரணும், அத நான் அப்படியே தமிழ்ல எழுதுனா ஆசிரியர் வெட்டிருவாரு, நீங்களே சொல்லிப் பாத்துக்கங்க. மகரக்கட்டு ஒடையுற பையன் குரலுக்கு 'சத்தால்'ங்கிற வார்த்தைலேர்ந்து பேரு, அதாவது முள்ளுக்கரண்டி, ஒரு குரலு ரெண்டா பிரியுதுல்ல. 'போவுக்'னா நெரிச்ச குரலு, அழுதுட்டுப் பேசுனா வர்ற மாதிரி, அது உங்களுக்கு வேணாம்.

பொறவிக் குரலுனா கவலையில்ல, ஆனா திடீர்னு கரகரப்பு வந்து 3 வாரமாகியும் போகலன்னா காது மூக்கு தொண்டை டாக்டர பாத்துருங்க. அந்தம்மா மறுபடி வந்தா 'தெஷெக்கூர் எதெரிம்'னு நன்றி சொல்லுங்க, போன்ல தம்பினு கூப்புடுறவங்கள நீங்களே பாத்துக்கங்க.