இடது கையில் அதிர்வு இல்லையே?

கேள்வி: எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்ட்ரோலரில் கார் ரேஸ் ஆடும்போது வலது கைப்பிடி மட்டும் லேசாக அதிர்கிறது. இடது மோட்டார் போய்விட்டதா? - வாசகர், பெரம்பூர்

பதில்: வேறு கேமிலும் இப்படித்தான் என்றால் கோளாறு உள்ளேதான். இடது மோட்டார் தண்டில் பெரிய எடை, வலதில் சிறியது. மோதலின் கனமான உதறல் இடதிலிருந்தே வரும். கீழே விழுந்ததென்றால் முதலில் ஒயர் பற்றாசு விட்டிருக்கிறதா பாருங்கள்.

கழற்ற டி8 செக்யூரிட்டி பிட் (நட்சத்திர வடிவ ஸ்க்ரூடிரைவர் முனை) வேண்டும். நடுவில் துளை உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். ஐந்தாவது ஸ்க்ரூ பேட்டரி அறை லேபிளுக்கு அடியில் ஒளிந்திருக்கும். அதை விட்டுவிட்டு நெம்பினால் ஓடு விரிசல் விடும். மோட்டார் ஒயர்களைப் பிரித்து 1.5 வோல்ட் செல்லில் தொடுங்கள். சுழன்றால் மோட்டார் நல்லது, மறுபடி பற்றவைத்தால் போதும். சுழலாவிட்டால் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் பழையதையே எடுத்துப்போய், எடை ஒத்ததாக வாங்குங்கள்.