ஆறு மணி நேர ஊசி

கேள்வி: மாமியாருக்கு எலும்பு ஸ்கேன் எடுக்க மதுரைக்குப் போனோம். மாட்டுத்தாவணி நெரிசலில் தாமதமாகிவிட்டது. "மருந்து வீணாகிறதே" என்று கோபித்துக்கொண்டார்கள். மாத்திரை இரண்டு வருஷம் தாங்கும்போது இதற்கு மட்டும் என்ன அவசரம்?
— வாசகி, மேலூர்

பதில்: அது டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்க மருந்து. கெட்டுப்போகிற சரக்கல்ல, கதிரை விட்டுத் தீர்ந்துபோகிற சரக்கு. அணுக்கருவுக்குக் கூடுதல் ஆற்றல் கிடைத்தால் அதைக் காமா கதிராக உதறிவிட்டு இறங்கிவிடும். பெரும்பாலும் ஒரு நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரம் போதும். சில கருக்கள் மட்டும் மேலேயே தங்கிவிடும். ஐசோமர் என்பது அதைத்தான். டெக்னீசியம்-99எம் அப்படிப்பட்ட ஒன்று. மேல்நிலைக்கும் கீழ்நிலைக்கும் தற்சுழற்சியில் வித்தியாசம் பெரிது. அத்தனையையும் ஒரு காமா கதிர் சுமந்துகொண்டு வெளியேறுவது அரிது. 1936-ல் ஜெர்மன் இயற்பியலாளர் வைசேக்கர் சொன்ன விளக்கம் இது.

டெக்னீசியத்தின் அரை ஆயுள், அதாவது இருப்பது பாதியாகக் குறைய ஆகும் நேரம், 6 மணி நேரம். காலை 9-க்கு இருந்தது மாலை 3-க்குப் பாதி, இரவு 9-க்குக் கால், மறுநாள் காலை பதினாறில் ஒரு பங்கு. அத்தைக்கென்று அளந்து வைத்த ஊசி, நீங்கள் பஸ்ஸில் இருக்கும்போதே குறைய ஆரம்பித்திருக்கும். முன்கூட்டியே தயாரித்து அடுக்கி வைக்கவும் வழியில்லை. மாலிப்டினம்-99 அடைத்த ஜெனரேட்டரில் உப்புநீரை விட்டு, அதில் உண்டாகியிருக்கும் டெக்னீசியத்தைக் கழுவி எடுப்பார்கள். கறவை மாடு போலத்தான். இன்று கறந்தால் நாளைக்குள் மறுபடி ஊறிவிடும். மாலிப்டினத்துக்கே அரை ஆயுள் 66 மணிதான் என்பதால் அந்த மாடும் சீக்கிரம் வற்றிவிடும்.

கேள்வி: ஐசோமரை ஆய்வகத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?
— எம்.எஸ்ஸி. மாணவர், திருமங்கலம்

பதில்: நீங்களே ஒன்றைப் பார்த்திருப்பீர்கள், தம்பி. சீசியம்-137 வைத்து எடுத்த நிறமாலையில் 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு உச்சி வந்ததல்லவா? ரெக்கார்டு நோட்டில் எல்லோரும் அதைச் 'சீசியத்தின் காமா' என்றே எழுதுவார்கள். நான் ஆய்வகம் பார்த்த காலம் முழுக்க அதைச் சிவப்பு மையால் அடித்திருக்கிறேன். சீசியம் பீட்டா கதிரை விட்டுப் பேரியம்-137 ஆகிறது. அந்தப் பேரியத்தின் ஐசோமர்தான், சுமார் இரண்டரை நிமிட அரை ஆயுளோடு, இந்தக் காமாவை விடுகிறது. வைவாவில் கேட்டால் பேரியம் என்றே சொல்லுங்கள்.

புது ஐசோமர் தேடுவதென்றால், அயனிகளை அதிவேகமாக ஓட்டும் முடுக்கி வேண்டும். அயனிக் கற்றையைத் துடிப்பு துடிப்பாக இலக்கின் மேல் விடுவார்கள். மோதிய கணத்தில் வரும் காமாக்கள் ஏராளம். கற்றை நின்ற பிறகும் ஜெர்மானியம் டிடெக்டரில் எது வந்துகொண்டிருக்கிறது என்று எண்ணுவதில்தான் வேலையே இருக்கிறது. எண்ணிக்கை குறையும் வேகம் அரை ஆயுளைத் தரும். நானோ நொடிகளையும் இப்படிப் பிடிக்கலாம். டிடெக்டரைத் திரவ நைட்ரஜனால் குளிரவைக்க வேண்டும். அதை நிரப்பும் முறை ராத்திரியில் மாணவர்கள் தலையில்தான் விழும்! இந்தியாவில் இதற்கு 'இங்கா' என்ற டிடெக்டர் அணி இருக்கிறது. டெல்லி, மும்பை, கொல்கத்தா முடுக்கிகளுக்கு மாறி மாறிப் போகும். டெல்லி மையம் பல்கலைக்கழகங்களுக்கென்றே ஏற்பட்டது. வழிகாட்டி மூலம் கற்றை நேரம் கேட்டு விண்ணப்பிக்கலாம்.