கேளுங்கள், சொல்கிறோம்: சுவீடனின் டிசம்பரும் ஒரு கோப்பை கிளோக்கும்

கேள்வி: சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் வசிக்கும் மகள் வீட்டுக்கு நானும் என் கணவரும் டிசம்பரில் செல்கிறோம். பேத்தியின் தோழி வீட்டில் ‘கிளோக்’ அருந்த வரும்படி எங்களையும் அழைத்திருக்கிறார்கள். அது சூடாக்கிய ஒயின் என்கிறாள் மகள். மதுப் பழக்கமே இல்லாத நாங்கள் அங்கே போய் மறுத்தால் மரியாதைக் குறைவாகிவிடாதா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: ஆகாது, தயங்காமல் போய் வாருங்கள். சிறுவர்களும், வண்டி ஓட்டித் திரும்ப வேண்டியவர்களும், மது அருந்தாத பெரியவர்களும் கலந்துகொள்ளும் விருந்து என்பதால், மது கலவாத கிளோக்கையும் தனியாகச் சூடாக்கி வைப்பது அங்கே வழக்கம். அழைப்பை ஏற்கும்போதே மகள் மூலம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். மது மிகுந்த கிளோக்கை அரசே நடத்தும் ‘சிஸ்டெம்போலாகெட்’ கடைகளில்தான் வாங்க முடியும். மது இல்லாததோ பலசரக்குக் கடையிலேயே பாட்டிலில் கிடைக்கும்.

கிறிஸ்துமசுக்கு முந்தைய நான்கு ஞாயிற்றுக்கிழமைகளிலும் வாரம் ஒரு மெழுகுவர்த்தி கூடுதலாக ஏற்றப்படும். அவற்றில் முதல் ஞாயிறு தொடங்கி இந்த அழைப்புகள் வரிசையாக வரும். டிசம்பரில் அந்நகரில் பிற்பகல் மூன்றரை மணிக்குள் சூரியன் மறைந்துவிடுவதால், சன்னலில் காகித நட்சத்திர விளக்கைத் தொங்கவிட்டு, அடுப்பில் பட்டையும் கிராம்பும் மணக்க நண்பர்களை வீட்டுக்குள் கூட்டிக்கொள்வது அம்மக்களுக்குக் குளிர்காலத்தைக் கடக்கும் வழியாகவே இருக்கிறது. காலணியை நம்மைப் போலவே வாசலில் கழற்றிவிடுங்கள். கையளவே உள்ள சிறு கோப்பையில் உலர்திராட்சையும் தோல் நீக்கிய பாதாமும் போட்டு, அவற்றின் மேல் ஆவி பறக்கும் கிளோக்கை ஊற்றித் தருவார்கள். அடியில் தங்கி ஊறிய திராட்சையைக் கரண்டியால் எடுத்துச் சாப்பிட வேண்டும். அதை விட்டுவிடாதீர்கள், மசாலாவின் சாரமெல்லாம் அதில்தான் இறங்கியிருக்கும்.

வெறுங்கையோடு போகவேண்டாம் என்று நினைத்தால் நல்ல பச்சை ஏலக்காய் கொண்டுபோங்கள். கிளோக்கிலும் பன்னிலும் ஏலக்காய் இல்லாமல் சுவீடன் சமையலறைக்குப் பண்டிகை இல்லை. அவர்களுக்கு இப்போது குவாத்தமாலா ஏலக்காய் நிறையக் கிடைக்கிறது என்றாலும், போடிநாயக்கனூர்ச் சந்தையிலிருந்து வந்த முழுக்காயை முகர்ந்து பார்த்தால் மகிழ்ந்துபோவார்கள். பால்கோவாவும் நெய்யும் வேண்டாம். வெளிநாட்டுப் பயணிகள் பால் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுசெல்ல அனுமதி இல்லை.

கேள்வி: மது இல்லாத கிளோக்கை வீட்டிலேயே செய்ய முடியுமா?
– வாசகர், கோவை

பதில்: முடியும். சர்க்கரை சேர்க்காத கருந்திராட்சைச் சாறு ஒரு லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு துண்டு பட்டை, தட்டிய ஏலக்காய் பத்து, கிராம்பு ஆறு, சுண்டுவிரல் அளவு சுக்கு, ஓர் ஆரஞ்சுப் பழத்தின் மேல்தோல் ஆகியவற்றைச் சாற்றில் போட்டு, ஓரங்களில் ஆவி கிளம்பும் வரை மட்டும் சூடாக்கி, மூடி, இரவு முழுவதும் ஊறவிடுங்கள். காலையில் வடிகட்டி, தேவைப்பட்டால் சர்க்கரை சேர்த்து, பரிமாறும்போது மீண்டும் சூடாக்கலாம். கொதிக்க மட்டும் விடாதீர்கள். சாறு ஜாம் போலச் சமைந்த வாசனைக்கு மாறி, பழத்தின் புதுமணமும் போய்விடும். ஆரஞ்சுத் தோலின் உட்புற வெள்ளைப் பகுதி கசக்கும் என்பதால் அதைச் சீவி எறியுங்கள். கிராம்பைக் கூட்டினால் மற்ற எதுவும் நாவில் நிற்காது. நம் ஊர்த் திராட்சைச் சாறு பெரும்பாலும் இனிப்பு மிகுந்தது. அப்படியானால் இறக்கும்போது அரை எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: ஸ்டாக்ஹோமில் படிக்கும் என் மகனை டிசம்பர் 13 அன்று பள்ளியின் லூசியா ஊர்வலத்துக்கு வெள்ளை அங்கியுடன் வரச் சொல்கிறார்கள். இந்துக்களான நாங்கள் அனுப்பலாமா?
– வாசகி, சுவீடனிலிருந்து

பதில்: கட்டாயம் அனுப்புங்கள். லூசியா, கி.பி. 304-இல் சிசிலித் தீவின் சிரகூசாவில் உயிர்த்தியாகம் செய்ததாகப் போற்றப்படும் புனிதர். ஊர்வலத்தின் முன்னே வரும் சிறுமியின் இடுப்பில் கட்டும் சிவப்புப் பட்டை அந்தத் தியாகத்தைக் குறிக்கிறது. ஆயினும் சுவீடன் மக்கள் இந்நாளை முதன்மையாக ஒளியின் விழாவாகவே கொண்டாடுகிறார்கள். பழைய ஜூலியன் நாள்காட்டியின் காலத்தில் அந்த இரவே ஆண்டின் மிக நீண்ட இரவு என்று மக்கள் எண்ணினார்கள். இன்றைய வடிவம் 18-ஆம் நூற்றாண்டில் மேற்குச் சுவீடனின் பண்ணை மாளிகைகளில் உருவாகி, 1927-இல் ஸ்டாக்ஹோம் நாளிதழ் ஒன்று லூசியாவைத் தேர்ந்தெடுக்கப் போட்டி நடத்திய பிறகு நாடெங்கும் பரவியது. உங்கள் மகன் பெரும்பாலும் கூம்புத் தொப்பியும் கையில் நட்சத்திரக் கோலுமாக ‘நட்சத்திரச் சிறுவனாக’ வருவான். குளிர் கடுமையாக இருக்குமாதலால் அங்கிக்குள் கம்பளி உள்ளாடை போட்டு அனுப்புங்கள்.

அன்று விடியற்காலையில் வீட்டில் மகளோ மகனோ விளக்கோடு வந்து, பெற்றோரை எழுப்பிக் காபியும் குங்குமப்பூ பன்னும் கொடுப்பதும் உண்டு. அந்தக் குங்குமப்பூ அரைகிராம் பொட்டலமாகக் கடைகளில் கிடைக்கும். இரு முனையும் உள்நோக்கிச் சுருண்ட பன்னின் ஒவ்வொரு சுருளிலும் ஓர் உலர்திராட்சையை அழுத்தி வைப்பதைக் குழந்தையிடம் விடுங்கள்.

கேள்வி: கிறிஸ்துமஸ் அரிசிக் கஞ்சியில் பாதாம் ஒளித்துவைப்பது எதற்காக?
– வாசகர், மதுரை

பதில்: அது பாலில் மெதுவாக வெந்த அரிசி, நம் பால் பொங்கலுக்கு நெருங்கிய உறவு என்றே சொல்லலாம். மேலே பட்டைத்தூளும் சர்க்கரையும் தூவுவார்கள். முழுப் பாதாம் யாருடைய தட்டில் வருகிறதோ அவருக்கு அடுத்த ஆண்டில் திருமணம் நடக்கும் என்பது நம்பிக்கை. வீட்டைக் காக்கும் குள்ளத் தெய்வமான ‘தொம்தே’வுக்கும் ஒரு கிண்ணம் வெளியே வைப்பதுண்டு, அதில் வெண்ணெய் போட மறந்தால் அவர் கோபித்துக்கொள்வாராம்.